24 நிமிடப் பாசி ஆவணப்படம்: கோவாவா, திருவனந்தபுரமா, வெளிநாடா?

பாம்பன்_வாடை:
படம் எடிட் முடிந்தது. கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியது, 24 நிமிடம். சின்னப்பாலம், பாம்பன், வேதாளைக் கரைகளில் எடுத்தது. 1920க்கு 1080, நொடிக்கு 25 பிரேம், ஸ்டீரியோ ஒலி. பேச்சு முழுக்கத் தமிழ், சப்டைட்டில் இன்னும் போடவில்லை. யூடியூபில் 1 நிமிட டீசர் மட்டும் இருக்கிறது.
கேள்வி இதுதான்: கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருதுக்கு அனுப்பலாமா? விருது வாய்ப்பு எங்கே அதிகம்? சென்சார் சான்றிதழ் வாங்கியே ஆகணுமா?

கீழக்கரை_காக்கா:
தம்பி, தங்க மயில் இந்தப் படத்துக்குக் கிடையாது. தரம் பத்திப் பேசலை, நீளம் ஒத்துவராது. கோவாவின் சர்வதேசப் போட்டி முழுநீளப் படங்களுக்கு. 15 படம் வரைக்கும் எடுப்பாங்க, அதில் ஒண்ணுக்குத் தங்க மயிலும் 40 லட்சமும். அந்தப் பணம் இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் பங்கு. சிறந்த இயக்குநர், நடிகர், நடிகை எல்லாம் வெள்ளி மயில் வரிசை.
24 நிமிட ஆவணப்படத்துக்கு அங்கே ஒரே வாசல், இந்தியப் படங்களுக்கான இந்தியன் பனோரமாவின் கதை சாராப் பிரிவு. அதிகபட்சம் 20 படம். பனோரமா 1978லிருந்து நடக்குது. அதில் தேர்வாகித் திரையில் ஓடுறதுதான் அங்கீகாரம், மயிலுக்கான ஓட்டம் இல்லை. இதைக் குழப்பிக்கிட்டுத்தான் பல பேர் 'கோவா போட்டியில் என் படம்'னு போஸ்டர் அடிக்கிறாங்க. போட்டி வேற, பனோரமா வேற.
விழா 1952ல் பம்பாயில் தொடங்கி ஊர் ஊரா நடந்தது. 2004லிருந்து கோவா நிலையாச்சு. நவம்பர் 20 வாக்கில் ஆரம்பிக்கும். விண்ணப்பம் பல மாசம் முன்னாடியே மூடிடும், அதனால இந்த வருஷ விதிமுறை வந்த அன்னைக்கே முழுசா வாசிங்க. முக்கியமா 'எந்தத் தேதிக்குள் முடிந்த படம்' என்ற வரி. நல்ல படங்கள் அந்த ஒரு வரியில்தான் கழிஞ்சு போகும்.

தொண்டி_ரீல்:
காக்கா சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. விருது எங்கே கிடைக்கும்னு தேடுறதுக்கு முன்னாடி, முதல் திரையிடலை யாருக்குக் கொடுக்கப் போறோம்னு முடிவு பண்ணணும். அது ஒரே ஒரு தடவை செலவழிக்கிற காசு.
உலகத்திலேயே முதல், சொந்த நாட்டுக்கு வெளியே முதல், கண்டத்தில் முதல், நாட்டில் முதல் என்று படிப்படியா இருக்கு. பெரிய விழாக்கள் மேல்படி கேட்கும். உள்ளூர் விழா ஒண்ணுல காட்டிட்டா உலக முதல் திரையிடல் போச்சு. யூடியூபில் முழுப் படமும் பொதுவில் ஒரு நாள் இருந்தாலும் பல விழாக்கள் அதைத் திரையிடலாகவே எடுத்துக்கும், பிறகு அழிச்சும் பயனில்லை. டீசர் இருக்கட்டும், தொந்தரவு இல்லை.
தமிழ்ல நல்ல உதாரணம் ராட்டர்டாம். 2020ல் 'நசீர்' அங்கேதான் முதல்ல ஓடிச்சு, ஆசியப் படத்துக்கான நெட்பாக் விருது வாங்கிச்சு. அடுத்த வருஷமே 'கூழாங்கல்' அங்கே முதல் திரையிடல், பெரிய விருதான டைகர். ரெண்டுமே வேற எங்கேயும் காட்டாமப் பொத்தி வச்சுக் கொண்டுபோன படங்கள்.
உங்க நீளத்துக்கு எந்தக் கதவு திறக்கும்னு பாருங்க. கான் குறும்படப் போட்டிக்கு 15 நிமிடம் வரம்பு, அதனால இல்லை. வெனிஸ் ஒரிஸோன்டி குறும்படத்துக்கு 20 நிமிடம், அதுவும் இல்லை. பெர்லின் குறும்படப் பிரிவு 30 நிமிடம் வரை, அது உண்டு. ஆஸ்கர் கணக்கில் குறு ஆவணப்படம்னா 40 நிமிடத்துக்குள். எல்லாமே கடைசியில் ஓடுற பெயர் வரிசையையும் சேர்த்துத்தான். 15க்குள் வெட்டிடலாமேன்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. பாசி காயிற நேரத்தைக் காட்டுற படத்தில் ஒன்பது நிமிடத்தை எடுத்தா மிச்சம் இருக்கிறது செய்தித் தொகுப்புதான்.

வேதாளை_வலை:
இவ்வளவு யோசிக்கணுமா அண்ணே? விழாக்களுக்கு விண்ணப்பிக்கிற ஃபிலிம்ஃப்ரீவே தளத்தில் ஒரே பக்கம் போட்டு 50 விழாவுக்குத் தட்டிவிட்டா பத்தாவது அடிக்குமே. கரைவலை மாதிரி, விரிச்சு இழுத்தா ஏதாவது வரும்.

தொண்டி_ரீல்:
கரைவலையில் குப்பையும் வரும் தம்பி. மாசாமாசம் விருது கொடுக்கிற 'சர்வதேச விழா' அங்கே நிறைய. எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா: திரையரங்கின் பெயர் போட்டிருக்காது, போன வருஷப் படங்களின் நேர அட்டவணை இருக்காது, தேர்வுக் குழுவில் யார் பேரும் இருக்காது, ஆனா விருதுப் பிரிவு மட்டும் 60, 70 இருக்கும். ஜெயிச்சதும் கோப்பைக்கும் சான்றிதழுக்கும் தனியாக் காசு கேட்பாங்க. அந்த மாதிரி விழாக்கள் கொடுக்கிற இலைவளைய முத்திரையை நாலு ஒட்டின போஸ்டரைப் பார்த்தா நல்ல விழாவில் படம் தேர்வு செய்றவங்களுக்கு எரிச்சல்தான் வரும். அதோட, அந்த விழா நிஜமாவே ஏதாவது ஒரு ஹாலில் ஓட்டியிருந்தா முதல் திரையிடலும் காலி.
கட்டணம் கட்டும்போது ஒரு சின்ன விஷயம். நம்ம வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அணைச்சுத்தான் இருக்கும். வங்கிச் செயலியில் போய் அதை முதல்ல போடுங்க. கடைசி நாள் இரவு 11 மணிக்குக் கட்டி, தோத்து, மறுநாள் தாமதக் கட்டணத்தில் மாட்டுறது இதனாலதான். அவங்க 'இரவு 12' எந்த ஊர் நேரம்னும் பாருங்க.

கீழக்கரை_காக்கா:
சென்சார் கேள்வி நின்னு போச்சு. வெளிநாட்டு விழாவுக்கு நம்ம சான்றிதழ் தேவையே இல்லை. இந்தியாவுக்குள்ள 1952ஆம் வருஷச் சட்டப்படி பொதுமக்களுக்குக் காட்டச் சான்றிதழ் வேணும். ஆனா விழாக்களுக்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்குக் கொடுக்கும், பதிவு செஞ்ச பிரதிநிதிகளுக்கு மட்டும் காட்டுறோம்னு சொல்லி. அதைக் கேட்டு வாங்குறது விழாக்காரங்க வேலை, உங்க வேலை இல்லை. நீங்க கதைச் சுருக்கமும் விவரமும் சரியான தேதியில் கொடுத்தாப் போதும்.
தேசிய விருதுக்குப் போட்டியிடணும்னா கதை வேற. அந்த ஆண்டுக்குள் சான்றிதழ் வாங்கின படம்தான் தகுதி. அதனால சான்றிதழை அவசரப்பட்டு வாங்கினா வருஷக் கணக்கு ஓட ஆரம்பிச்சிடும். முதல்ல விழா, பிறகு சான்றிதழ்.
ஆவணப்படக்காரங்களுக்கு இது பழைய புண். 2004 மும்பை விழாவுக்கு இந்தியப் படங்களுக்கு மட்டும் சான்றிதழ் கட்டாயம்னு சொன்னப்போ பெரிய எதிர்ப்புக் கிளம்பி அந்த விதி போச்சு. அப்புறம் தேர்வாகாத படங்களைச் சேர்த்துப் பக்கத்திலேயே 'விகல்ப்' என்ற மாற்று விழாவே நடந்தது. அந்த மும்பை விழா ஆவணப்படம், குறும்படம், அனிமேஷனுக்கானது. தங்கச் சங்கு விருது. ஆனா ஈராண்டுக்கு ஒருதடவைதான், ஆண்டுதோறும்னு நினைச்சுக் காத்திருக்காதீங்க.
ஆண்டு விழான்னா உங்களுக்குப் பொருத்தம் திருவனந்தபுரத்தின் ஆவணப்பட, குறும்பட விழா. 2008லிருந்து கேரளச் சலச்சித்திர அகாடமி நடத்துது. டிசம்பர்ல நடக்கிற பெரிய கேரள விழாவும் அவங்கதான், சுவர்ண சகோரம் விருது அங்கே முழுநீளப் படத்துக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க. நம்ம கரையிலிருந்து ரயில் ஏறினா போயிடலாம். படம் ஓடி முடிஞ்சதும் அரங்கத்தில் கேள்வி கேட்கிற கூட்டம் அந்த ஊர்ல மாதிரி வேற எங்கேயும் பார்க்க முடியாது.

உச்சிப்புளி_ஒலி:
எல்லாரும் வாசலைப் பத்திப் பேசுறீங்க, அனுப்புற படக் கோப்பு (ஃபைல்) பத்தி யாரும் பேசலை. தேர்வான பிறகு மானம் போறது அங்கேதான்.
தேர்வுக்கு அனுப்புறது ஒரு கடவுச்சொல் போட்ட விமியோ இணைப்பு. முடிவு வர்ற வரைக்கும் கடவுச்சொல்லை மாத்தக்கூடாது, பழைய வடிவத்தை நீக்கக்கூடாது. தேர்வானதும் டிசிபி, அதாவது திரையரங்கில் ஓட்டுற டிஜிட்டல் பிரதி கேட்பாங்க. அது ஒரே வீடியோ கோப்பு இல்லை, ஒரு ஃபோல்டர்: படம் ஒரு எம்எக்ஸ்எஃப், ஒலி ஒரு எம்எக்ஸ்எஃப், கூடவே சில எக்ஸ்எம்எல் கோப்புகள். டிசிபி-ஓ-மேட்டிக் இலவச மென்பொருள், அதுவே போதும்.
செய்யவேண்டிய வரிசை:
முதல்ல பிரேம் வேகம். 25ஐ அப்படியே விடலாம், ஆனா அது டிசிபியின் புதிய வகையான எஸ்எம்பிடிஇயில்தான் ஏற்பு. பழைய சர்வர் உள்ள அரங்கங்களில் 24தான் பயமில்லாமல் ஓடும். உங்க 24 நிமிடத்தில் 36,000 பிரேம் இருக்கு. அதை நொடிக்கு 24 வீதம் ஓட்டினா சரியா 25 நிமிடம். ஒலியும் அதே அளவு இழுபடும், சுருதி முக்கால் அரைச்சுரம் அளவுக்கு இறங்கும். பேச்சில் தெரியாது, கடல் வேலையில் பாடுற அம்பா பாட்டு இருந்தா தெரியும். சுருதி இறங்காமல் நீட்டுற வசதியைப் போடுங்க. படிவத்திலும் 25 நிமிடம்னு எழுதுங்க.
அடுத்து சட்டகம். டிசிபியில் 'ஃபிளாட்' என்றால் 1998க்கு 1080. உங்க 1920 உள்ளே உட்கார்ந்தா ரெண்டு பக்கமும் 39 பிக்சல் கறுப்பு நிற்கும். அப்படியே விட்டுடுங்க. பெரிசாக்கி நிரப்பப் போனா மேலேயும் கீழேயும் வெட்டும். கீழே வெட்டுனா தண்ணியில் முங்கின கைதான் போகும்.
டிசிபிக்குப் பூட்டு (என்கிரிப்ஷன்) போடாதீங்க. பூட்டினா ஒவ்வொரு சர்வருக்கும் தனிச் சாவி அனுப்பணும். சாவியின் நேரம் ஒரு மணி தவறினாலும் திரை கறுப்புத்தான்.
அளவு: வினாடிக்கு 250 மெகாபிட் உச்ச வரம்பு. 100 போதும். 25 நிமிடத்துக்குப் படம் 18.75 ஜிபி, ஒலியோட கிட்டத்தட்ட 20 ஜிபி. 10 எம்பிபிஎஸ் ஏற்றும் வேகம் இருந்தா நாலரை மணி நேரம். நம்ம கரையில் ராத்திரி ஏத்துங்க. பாதியில் அறுந்தா விட்ட இடத்திலிருந்து தொடர்ற சேவையாப் பாருங்க.
டிரைவில் அனுப்புறதா இருந்தா எக்ஸ்ட்3 வடிவம். ஃபேட்32ல் 4 ஜிபிக்கு மேல ஒரே கோப்பு நிற்காது, எக்ஸ்ஃபேட்டைச் சில சர்வர் கண்டுக்கவே கண்டுக்காது.
ஒலிதான் பெரிய வம்பு. யூடியூபுக்குக் கலந்த ஒலி அரங்கத்தில் காதைக் கிழிக்கும். ஆபரேட்டர் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை 7லிருந்து 5க்கு இறக்குவார், பேச்சு போர்வைக்குள் பேசினது மாதிரி ஆயிடும். ஸ்டீரியோவை அப்படியே போட்டா நடுவில் உட்காராதவங்களுக்குப் பேச்சு ஒரு ஓரத்து ஸ்பீக்கரிலிருந்து வரும். குறைந்தபட்சம் பேச்சைப் பிரிச்சு நடு ஸ்பீக்கருக்குக் கொடுங்க, அலையும் காத்தும் இடமும் வலமும் போகட்டும். கச்சான் காத்தில் எடுத்த காட்சிகளில் அடித்தொனி உறுமல் இருக்கும். லேப்டாப் ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது, அரங்கத்து சப்வூஃபர் நாற்காலியையே ஆட்டும். பேச்சுத் தடத்தில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்க.
சோதனை: ராமநாதபுரத்தில் ஏதாவது திரையரங்கில் காலைக் காட்சிக்கு முன்னாடி பத்து நிமிடம் கேளுங்க. ஆனா அவங்ககிட்ட டிசிபி ஓட்டும் சர்வர் இருக்கான்னு முதல்ல கேட்டுட்டுப் போங்க, எல்லா அரங்கிலும் இருக்காது.

மண்டபம்_மொழி:
ஒலிக்காரர் முடிச்சாச்சு, இனி என் பக்கம். தம்பி, சப்டைட்டிலை ஆங்கிலம் தெரிஞ்ச யாரோ ஒருத்தர்கிட்ட கொடுத்துடாதீங்க. இந்தப் படத்தில் கண்ணி நிறைய.
'மரிக்கொழுந்து' நம்ம கரையில் ஒரு பாசி. ஊர்ப்பக்கத்து ஆள் அதைத் தலையில் வைக்கிற வாசனைச் செடின்னு எழுதிடுவார். திரையில் பெண்கள் பாறையிலிருந்து பாசியைக் கிள்ளிக்கிட்டு இருப்பாங்க, கீழே மூலிகைன்னு ஓடும். 'பாசி'யையே மணிமாலைன்னு புரிஞ்சுக்கிறவங்களும் உண்டு. கஞ்சிப்பாசி, கட்டக்கோரை எல்லாம் பெயரை அப்படியே வைங்க. முதல் தடவை வரும்போது மட்டும் பக்கத்தில் 'கடற்பாசி'க்கு ஆங்கிலச் சொல் போதும். 'பாடு' என்றால் அன்னிக்குக் கிடைச்சது. கஷ்டம்னு மொழிபெயர்த்தா அர்த்தமே மாறிப்போகும்.
அளவு: ஒரு வரிக்கு 42 எழுத்து, ரெண்டு வரிக்கு மேல் வேண்டாம், வினாடிக்கு 17 எழுத்து, ஒரு அட்டை, அதாவது ஒரே நேரத்தில் திரையில் நிற்கிற எழுத்து, 7 வினாடியைத் தாண்டக்கூடாது.
இதைவிட முக்கியம் சொல்வரிசை. தமிழில் வினை கடைசியில் வரும். விரலில் துணி சுத்திக்கிட்டே ஒரு அம்மா 'போகக்கூடாதுன்னு சொன்னாக, படகைப் புடிச்சு வச்சாக, பேரை எழுதிக்கிட்டாக...'ன்னு அடுக்கிட்டு, துணியை முடிச்சுப் போட்டு, 'போனோம்'னு சொல்றாங்கன்னு வைங்க. ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமா எழுதினா 'போனோம்' முதல் அட்டையிலேயே வந்து விழும். முடிச்சுப் போடுறதுக்குள்ள அரங்கத்துக்கு விஷயம் தெரிஞ்சிடும். மூணு அட்டையா உடைச்சு, கடைசி அட்டையில் 'போனோம்' மட்டும் தனியா விடுங்க.
இன்னொண்ணு, அலை நுரை. வெள்ளை எழுத்து வெள்ளை நுரை மேல நின்னா ஒண்ணும் தெரியாது. கறுப்பு விளிம்பு போடுங்க. எழுத்தைப் படத்தோட எரிச்ச பிரதி ஒண்ணு, எழுத்தில்லாச் சுத்தப் பிரதி ஒண்ணு, சப்டைட்டில் வரியும் நேரமும் மட்டும் உள்ள எஸ்ஆர்டி கோப்பு தனியா ஒண்ணு, மூணும் கையில் இருக்கட்டும். ஆங்கிலம் பேசாத ஊர் விழாவில் அவங்க மொழி வரியைக் கீழே போட இடம் கேட்பாங்க.

ஏர்வாடி_அலை:
ஒருத்தரும் கேட்காத ஒண்ணு. மேல உதாரணத்தில் 'பேரை எழுதிக்கிட்டாக'ன்னு வந்ததே, அது உங்க படத்திலும் நிஜமா இருந்தா யோசிங்க.
மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் 21 தீவு, 1986லிருந்து பாதுகாப்பில். அனுமதி இல்லாமத் தீவில் கால் வைக்கத் தடை. குருசடை, முயல் தீவுப் பின்னணி அடையாளம் தெரியுற மாதிரி ஒரு முகத்தைக் காட்டி, தேதியும் திரையில் போட்டீங்கன்னா, அந்தக் காட்சியே அந்த அம்மாவுக்கு எதிரான சாட்சி. விழாவில் கைதட்டு உங்களுக்கு, வழக்கு அவங்களுக்கு. தேதியை எடுங்க, தீவை ஃபோகஸ் இல்லாம வைங்க, இல்லைன்னா அந்த வாக்கியத்தைக் கையை மட்டும் காட்டுற ஷாட்டுக்கு மேல போடுங்க.
கடல் அட்டை எங்கேயாவது கூடையில் தெரியுதான்னு பிரேம் பிரேமாப் பாருங்க. 2001லிருந்து அது காட்டுயிர்ச் சட்டப் பட்டியலில் இருக்கு. தெரிஞ்சா வெட்டுங்க, மங்கலாக்கினா இன்னும் உத்துப் பார்ப்பாங்க.
சம்மதப் படிவம் தமிழில் இருக்கணும். வாசிச்சுக் காட்டி, அவங்க சரின்னு சொல்றதை கேமராவில் பதிவு பண்ணுங்க. வெறும் கைநாட்டு வாங்கின ஆங்கிலத் தாள் எந்த விழாவிலும் உங்களைக் காப்பாத்தாது.
டிரோன் ஷாட் இருக்கா? உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிற கரை இது. வானப் பகுதி வரைபடத்தில் நிறம் பார்க்காம, அனுமதி இல்லாம எடுத்ததுன்னா படத்தில் வைக்காதீங்க.

பாம்பன்_வாடை:
எல்லாருக்கும் நன்றி. டிரோன் இல்லை. கடல் அட்டை இல்லை. முயல் தீவு ரெண்டு ஷாட்டில் தெரியுது, எடுத்துடறேன்.
ரெண்டு சந்தேகம். படகில் ரேடியோவில் சினிமாப் பாட்டு 40 வினாடி ஓடுது, அதைத் தொட வேண்டாமா? இன்னொண்ணு, 'கச்சான் எறங்கட்டும், பாசிக்குப் போவோம்'ங்கிற வரியில் கச்சானை என்ன பண்றது? 'மேற்குக் காற்று' என்று போட்டால் சப்பென்று இருக்கு. அந்த அம்மா சொல்ல எடுக்கிற நேரம் 2 வினாடி 5 பிரேம்.

தொண்டி_ரீல்:
பாட்டைத் தொட்டே ஆகணும். பெரும்பாலான விழா விண்ணப்பத்திலேயே 'இசை உரிமை என்கிட்ட இருக்கு'ன்னு கையெழுத்துப் போடுறீங்க. தானாப் பின்னணியில் ஓடிச்சுன்னு சொல்றது எடுபடாது. விழாவில் கண்டுக்காம விட்டாலும், நாளைக்கு ஒரு டிவியோ ஓடிடியோ வாங்க வந்தா அங்கே நிற்கும். பேச்சு மேல பாட்டு ஏறியிருந்தா பிரிக்கிறது கஷ்டம், அதே இடத்தில் வேற வாக்கியம் இருக்கான்னு பாருங்க. பேச்சு இல்லாத இடம்னா மோட்டார் சத்தத்தை எடுத்துப் போட்டு மூடுங்க.
வரிசை என் கணக்கில்: பெர்லினும் ராட்டர்டாமும் முதல்ல, ரெண்டும் ஜனவரி, பிப்ரவரி வாக்கில். விண்ணப்பம் முந்தின வருஷ இலையுதிர் காலத்திலேயே மூடும். இல்லைன்னு பதில் வந்த பிறகு திருவனந்தபுரம், பனோரமா. தலைகீழாப் போகாதீங்க.

கீழக்கரை_காக்கா:
தொண்டிக்காரர் வரிசையில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. பெர்லின் பதிலுக்குக் காத்திருக்கிற மாசங்களில் பனோரமாவின் 'முடிந்த தேதி' வரம்பு தாண்டிடக்கூடாது. தேதியை எழுதி வச்சுக்கிட்டுக் காத்திருங்க. தாண்டுற மாதிரி இருந்தா வெளிநாட்டை விடுங்க. பாசி எடுக்கிற ஊர்க்காரங்க அரசு விழாவில் தங்களைப் பார்க்கிறதுக்கும் ஒரு கனம் இருக்கு.

மண்டபம்_மொழி:
கச்சானைக் கச்சானாவே விடுங்க. படத்தில் முன்னாடி எங்கேயாவது காத்து அடிக்கிற காட்சியில் அந்தப் பெயர் ஒருதடவை வந்துட்டாப் போதும், பார்க்கிறவங்க பிடிச்சுக்குவாங்க. என் வரி: 'லெட் த கச்சான் டிராப். தென் வீ கோ.' பாசிங்கிற சொல் தேவையில்லை, கையில் சாக்குப் பை தெரியுதே. ஆங்கிலத்தில் எழுதினா புள்ளி, இடைவெளி சேர்த்து 32 எழுத்து. 17 வீதம் 1.9 வினாடி. உங்க 2 வினாடி 5 பிரேம் என்பது 2.2, இடம் இருக்கு.

உச்சிப்புளி_ஒலி:
அக்கா சொன்ன வரி சரி. ஆனா 24க்கு மாத்தினா அதே 55 பிரேம் 2.3 வினாடி ஆகும். எஸ்ஆர்டியில் இருக்கிறது பிரேம் இல்லை, நேரம். 25ல் போட்ட நேரங்களை அப்படியே விட்டா முதல் வரி சரியா வரும், கடைசி வரி ஒரு நிமிடம் முந்திடும். எல்லா நேரத்தையும் 25ஆல் பெருக்கி 24ஆல் வகுக்கிற வசதி சப்டைட்டில் மென்பொருள்களிலேயே இருக்கு. மாத்தின பிறகு கடைசி வரியை மட்டும் ஓட்டிப் பாருங்க, அது சரின்னா நடுவிலும் சரி.